48 மணி நேரம் யாருடைய கணக்கு?

அகப்பக்கம் செய்யக் கற்றுக்கொள்பவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் இந்தப் பதில் வரும். "எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மாற்றம் உலகம் முழுக்கப் பரவ 24 முதல் 48 மணி நேரம் ஆகும். பொறுமையாக இருங்கள்." ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவிலிருந்து வரும் இந்தப் பதிலில் நிறுவனம் மாறும், எழுதியவர் பெயர் மாறும், வாசகம் மட்டும் மாறாது. அந்த 48 எங்கிருந்து வந்தது, அவ்வளவு நேரம் உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டால் மறுபடியும் அதே வாசகம்தான் வரும். கடையில் ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்காருங்கள். இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

பாகான் செராயில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் ஒரு அத்தை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழிலைப் பதிவு செய்து, டாட் காம் டாட் எம்ஒய் என்று முடியும் பெயர் ஒன்றும் வாங்கியிருக்கிறார். பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகள்தான் அவருக்கு அகப்பக்கம் செய்து கொடுத்தவள். பழைய ஹோஸ்டிங் மெதுவாக இருக்கிறதென்று தீபாவளிக்கு முன்னால் வேறு நிறுவனத்தில் இடம் எடுத்து, கோப்புகளை எல்லாம் அங்கே மாற்றி, புது விலைப்பட்டியலையும் போட்டுவிட்டாள். அவள் லேப்டாப்பில் புதுப் பக்கம் பளிச்சென்று தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் அத்தை அழைக்கிறார். "இன்னும் போன வருஷ விலையே காட்டுதேம்மா. ஆளுங்க அந்த விலைக்கே கேக்குறாங்க."

இப்போது அவள் என்ன செய்வாள்? உதவிப் பிரிவுக்கு எழுதுவாள், அந்தப் பதில் வரும். பொறுமை இருக்காது. ஏற்றிய கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவாள். அமைப்புகளைப் பழையபடி மாற்றிப் பார்ப்பாள், திரும்பவும் புதிதாக மாற்றுவாள். ஒன்றும் கெடாமல் இருந்த இடத்தில் இப்படித்தான் நிஜமான சிக்கல் தொடங்குகிறது. கற்றுக்கொள்பவர்கள் இழக்கும் இரவுகளில் பாதி, தவறே இல்லாத நிரலில் தவறு தேடியவைதான். ஆகவே கோப்புகளைத் தொடாமல், முதலில் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம்.

நாம் 'அகப்பக்கம்' என்று ஒரே பொருளாகச் சொல்வது உண்மையில் மூன்று பேரிடம் இருக்கிறது. முதலாவது, பெயர். அதை ஒரு விற்பனையாளர் மூலம் வாங்குகிறோம், ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டுகிறோம். டாட் எம்ஒய் என்று முடியும் எல்லாப் பெயர்களுக்கும் தாய்ப்பதிவேட்டை வைத்திருப்பது மைனிக் என்ற மலேசிய நிறுவனம். இரண்டாவது, கோப்புகள். அவை ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. சர்வர் என்பது நாள் முழுக்க அணையாமல் ஓடி, கேட்பவருக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் கணினி, அவ்வளவுதான். மூன்றாவதுதான் நம் கண்ணில் படாமல் நடுவில் நிற்கிறது. இந்தப் பெயரைக் கேட்டால் இந்தச் சர்வருக்குப் போ என்று சொல்லும் குறிப்பு அது. அந்தக் குறிப்பை வைத்திருந்து, கேட்பவருக்குச் சொல்லும் கணினிக்கு நேம்சர்வர் என்று பெயர்.

மூன்றும் ஒரே நிறுவனத்தில் இருக்கலாம். மூன்று வெவ்வேறு நிறுவனங்களிலும் இருக்கலாம். கற்றுக்கொள்பவர் மிகவும் நொந்துபோவது இரண்டாவது வகையில்தான். பெயர் விற்றவர் "ஹோஸ்டிங்கைக் கேளுங்கள்" என்பார். ஹோஸ்டிங்காரர் "பெயர் விற்றவரைக் கேளுங்கள்" என்பார். இரண்டு பேரும் ஏமாற்றவில்லை. அவரவர் கையில் இருப்பது ஒரு பகுதிதான், அந்தப் பகுதி சரியாகவும் இருக்கும். பழுது நடுவிலிருக்கும் குறிப்பில் இருக்கிறது. அந்தக் குறிப்பு யாரிடம் இருக்கிறது என்பது நமக்கே தெரியாது.

சரி, அத்தை கைப்பேசியில் பெயரைத் தட்டியதும் என்ன நடக்கிறது? கணினிகளுக்கு முறுக்குக் கடையின் பெயர் புரியாது, எண்தான் புரியும். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் ஐபி என்று ஓர் எண் முகவரி உண்டு. பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை. கைப்பேசி இதற்காக ஊரெல்லாம் அலைவதில்லை. இணையச் சேவை கொடுக்கும் நிறுவனம் இதற்கென்றே வைத்திருக்கும் ஒரு கணினியைக் கேட்கிறது. அதற்கு ரிசால்வர் என்று பெயர். நமக்காக விசாரித்துச் சொல்வதுதான் அதன் தொழில்.

ரிசால்வர் மேலிருந்து தொடங்கும். உலகத்தின் உச்சியில் வேர் சர்வர்கள் 13 பெயர்களில் இருக்கின்றன. பெயர்கள் 13 என்றாலும் அவற்றின் படிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் உலகெங்கும் ஓடுகின்றன. வேர் சர்வருக்கு முறுக்குக் கடையைத் தெரியாது. "டாட் எம்ஒய் விவகாரமா? மைனிக்கின் சர்வர்கள் இங்கே இருக்கின்றன, போய்க் கேள்" என்று கைகாட்டும். மைனிக் சர்வருக்கும் எண் தெரியாது. "அந்தப் பெயரின் குறிப்பை வைத்திருப்பது இந்த நேம்சர்வர்" என்று அது அடுத்த கையைக் காட்டும். கடைசியில் அந்த நேம்சர்வர்தான் எண்ணைச் சொல்லும். ரிசால்வர் அதை வாங்கிக் கைப்பேசிக்குக் கொடுக்கும். இவ்வளவும் நாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். உலகத்தில் நொடிக்கு எத்தனை பேர் எத்தனை பெயர்களைத் தட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேரிலிருந்து விசாரிப்பதென்றால் தாங்காது. அதனால் ரிசால்வர், கிடைத்த பதிலைத் தன் நினைவில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும். அடுத்து யாராவது அதே பெயரைக் கேட்டால் விசாரிக்கப் போகாது, நினைவிலிருந்தே சொல்லிவிடும்.

எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை ரிசால்வர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை. நேம்சர்வர் பதில் சொல்லும்போதே கூடவே ஓர் எண்ணையும் கொடுக்கும். அதற்கு டிடிஎல் என்று பெயர். அந்தப் பதிலின் ஆயுள் அது, விநாடிக் கணக்கில் இருக்கும். 300 என்றால் ஐந்து நிமிடம். 14400 என்றால் நான்கு மணி நேரம். 86400 என்றால் ஒரு முழு நாள். ஆயுள் தீர்ந்ததும் ரிசால்வர் அந்தப் பதிலை எறிந்துவிடும். அடுத்து யாராவது கேட்டால்தான் மறுபடி விசாரிக்கப் போகும்.

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'மாற்றம் பரவும்' என்று கேட்டதும் நம் மனத்தில் என்ன படம் வருகிறது? பாகான் செராய் இருக்கும் கிரியான் வட்டாரத்துக்காரர்களுக்கு அது கண்ணால் பார்த்த படமாகவே இருக்கும். 1906இல் முடிந்த கிரியான் பாசனத் திட்டம் நாட்டின் முதல் பெரிய பாசனத் திட்டம். புக்கிட் மேரா ஏரியில் மடையைத் திறந்தால் தண்ணீர் தாய்க் கால்வாயில் இறங்கி, தாலி ஆயிர் வழியாகக் கிளை பிரிந்து, கடைசிப் பெண்டாங் வரைக்கும் போகும். பக்கத்து வயலுக்கு முதலில், கடைமடைக்குக் கடைசியில். நாம் செய்த மாற்றமும் அப்படித்தான் கிளம்பி, முதலில் பாகான் செராய்க்கும், பிறகு ஈப்போவுக்கும், அப்புறம் கோலாலம்பூருக்கும் போய்ச் சேர்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அத்தை வீடு கடைமடை, இன்னும் வந்து சேரவில்லை என்று தேற்றிக்கொள்கிறோம்.

டிஎன்எஸில் தண்ணீர் அப்படி ஓடுவதே இல்லை. நேம்சர்வரில் குறிப்பை மாற்றிச் சேமித்த அந்த நொடியிலேயே நம் வேலை முடிந்துவிட்டது. அங்கிருந்து எதுவும் கிளம்பி யாரையும் தேடிப் போகாது. உலகத்தில் எந்தெந்த ரிசால்வர் பழைய பதிலை நினைவில் வைத்திருக்கிறது என்பதுகூட நேம்சர்வருக்குத் தெரியாது. அதே கால்வாய்க் கணக்கில் சொல்வதென்றால், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தொட்டியில் ஏற்கெனவே தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார். தொட்டி தீர்ந்தால்தான் கால்வாய்க்கு வருவார். கால்வாயில் புதுத் தண்ணீர் வந்து எவ்வளவு நேரம் ஆனால் என்ன? அவர் வாளியோடு வந்தால்தான் உண்டு.

தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது இப்போது தெரியும். பக்கத்துத் தெருவில் பழைய பக்கமும் கனடாவில் புதுப் பக்கமும் தெரியலாம். கனடாவில் யாரும் அந்தப் பெயரை இதற்கு முன் கேட்டிருக்கமாட்டார்கள், அதனால் அங்கே நினைவில் ஒன்றும் இல்லை, முதல் தடவை கேட்டபோதே புதுப் பதில் கிடைத்திருக்கும். அத்தையோ காலையிலிருந்து நாலு தடவை திறந்து பார்த்தவர். அவர் இணைப்பின் ரிசால்வரில் பழைய பதில் ஆயுளோடு உட்கார்ந்திருக்கிறது. நம் பக்கத்தை யார் அதிகம் பார்க்கிறார்களோ, அவர்களிடம்தான் பழைய பதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

உதவிப் பிரிவுக்காரர் "எங்கள் பக்கம் சரி" என்று சொன்னதும் பொய்யில்லை. அவர் தன் சர்வரில் கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்திருப்பார், அல்லது அவருடைய ரிசால்வரில் புதுப் பதில் கிடைத்திருக்கும். அத்தையின் ரிசால்வருக்குள் எட்டிப் பார்க்க அவருக்கு வழியில்லை, அதைத் துடைக்கவும் முடியாது. தன் கைக்கு எட்டாத விஷயத்துக்குப் பத்திரமான ஒரு கால அளவைச் சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போகிறார்.

மாற்றம் ஒவ்வொருவரிடமும் பரவிப் போய்ச் சேர வேண்டும் என்ற முறை ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்தது. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அந்தப் பட்டியலைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அங்கே சொல்லிச் சேர்க்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் அவ்வப்போது பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக அது நடக்காத காரியமாயிற்று. 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸை வடிவமைத்தார். முழுப் பட்டியலை யாரும் வைத்திருக்க வேண்டாம், தேவைப்படும்போது கேள், கேட்டதைக் கொஞ்ச நேரம் நினைவில் வை என்பதுதான் அவர் செய்த மாற்றம். மலேசியாவின் டாட் எம்ஒய் 1987இல் உலகப் பதிவேட்டில் ஏறியது, ஜாரிங் மூலம் மலேசியர்களுக்கு இணையச் சேவை 1990களின் தொடக்கத்தில் வந்தது. இரண்டும் இந்தப் புது முறையின் மேல்தான் நின்றன. நம் மனத்தில் இருக்கும் படம் மட்டும் 1983க்கு முந்தியதாகவே இருக்கிறது.

அந்தப் பழைய பட்டியல் முழுவதும் செத்துவிடவும் இல்லை. உங்கள் லேப்டாப்பில் ஹோஸ்ட்ஸ் என்று பின்னொட்டு இல்லாத ஒரு சிறு கோப்பு இன்றும் இருக்கிறது. விண்டோஸில் சிஸ்டம்32 உறைக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்று போனால் கிடைக்கும். அதில் ஓர் எண்ணையும் அதையடுத்து ஒரு பெயரையும் ஒரே வரியில் எழுதினால், அந்த லேப்டாப் மட்டும் யாரையும் கேட்காமல் அந்த எண்ணுக்கே போகும். ஊருக்குத் தெரியாமல் புதுச் சர்வரை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. சோதித்து முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும். மறந்தால், பின்னாளில் உங்களுக்கு மட்டும் வேறு பக்கம் தெரியும், காரணம் பிடிபடாது.

இனி அந்த 48க்கு வருவோம். டாட் காம் என்று முடியும் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். "இந்தப் பெயரின் நேம்சர்வர் இது" என்று டாட் காம் பதிவேடு கைகாட்டுகிறதல்லவா, அந்தப் பதிலின் டிடிஎல் 172800 விநாடி. வகுத்துப் பார்த்தால் சரியாக 48 மணி நேரம். உதவிப் பிரிவு சொல்லும் எண்ணுக்குக் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒரு வகை மாற்றத்துக்கு மட்டும் பொருந்தும் உச்ச அளவு.

மாற்றங்கள் இரண்டு வகை. குறிப்பை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றுவது ஒன்று. அப்போது மேலே பதிவேட்டில் இருக்கும் டிடிஎல்தான் பெரும்பாலும் கணக்கு, அதைத் தொட நமக்கு அதிகாரம் இல்லை. இன்னொன்று, நேம்சர்வர் அப்படியே இருக்க, அதில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் மாற்றுவது. அந்தக் குறிப்பின் டிடிஎல் நம் கையில் இருக்கிறது. அது 300ஆக இருந்தால் பெரும்பாலோருக்கு ஐந்து நிமிடத்தில் புதுப் பக்கம் தெரிந்துவிடும். புது ஹோஸ்டிங் எடுத்தவுடன் "எங்கள் நேம்சர்வருக்கு மாற்றுங்கள்" என்று வரவேற்பு மின்னஞ்சலில் எழுதி அனுப்புவார்கள். பல நேரங்களில் அது கட்டாயம் இல்லை. எண்ணை மட்டும் மாற்றினாலே போதும். இரண்டு நாள் வேலை அரை மணி நேர வேலையாகிவிடும்.

இன்னொரு சிறு கண்ணியும் உண்டு. 'இல்லை' என்ற பதிலையும் ரிசால்வர் நினைவில் வைத்துக்கொள்ளும். புதிதாக ஒரு பெயர் வாங்கியவர் ஆர்வத்தில், குறிப்பு எழுதுவதற்கு முன்பே திறந்து திறந்து பார்க்கிறார். ரிசால்வர் விசாரித்து, அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்துகொண்டு, அதையும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறது. பிறகு குறிப்பை எழுதினாலும் அவருக்கு மட்டும் 'இல்லை' என்றே வரும். முதலில் எழுதிவிட்டு, அப்புறம் திறந்து பார்ப்பதே நல்லது.

பெயருக்கும் சர்வருக்கும் நடுவில் இருக்கும் இந்தக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை மலேசியா 2013 அக்டோபரில் பார்த்தது. கூகுளின் டாட் காம் டாட் எம்ஒய் முகவரியைத் தட்டியவர்களுக்கு மேட்லீட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழுவின் பக்கம் வந்து நின்றது. கூகுளையே உடைத்துவிட்டார்கள் என்று பலர் நினைத்தார்கள். கூகுளின் சர்வர்களை யாரும் தொடவில்லை. அந்தப் பெயர் அனுமதியில்லாமல் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டதை மைனிக் உறுதி செய்து, குறிப்பைச் சரி செய்தது. கடையில் ஒரு பொருள்கூடக் கலையவில்லை, வழிகாட்டும் பலகையைத்தான் திருப்பியிருந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் குறிப்பைச் சரி செய்த பிறகும், தவறான பதிலை நினைவில் வாங்கிவைத்த ரிசால்வர்கள் அதன் ஆயுள் தீரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கும். நம் முறுக்குக் கடைக்கு நடப்பதும் அதே பொறிமுறைதான்.

ரிசால்வர் யாருடையது என்ற கேள்வியும் 2024 செப்டம்பரில் நாட்டில் பெரிதாக அடிபட்டது. பலர் தங்கள் இணைய நிறுவனத்தின் ரிசால்வரை விட்டுவிட்டு கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர்களைக் கேட்கும்படி அமைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் உள்ளூர் நிறுவனங்களின் ரிசால்வருக்கே திருப்பிவிட வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும், அதைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் சொல்லிவிட்டதாக அமைச்சர் ஃபாஹ்மி ஃபாட்சில் செப்டம்பர் 8ஆம் தேதி அறிவித்தார். அதற்கு முன் ரிசால்வர் என்ற சொல்லையே கேட்டிராதவர்கள், நாம் தட்டும் ஒவ்வொரு பெயரும் முதலில் இன்னொருவர் கணினியிடம் போய் நிற்கிறது என்பதை அந்த வாரத்தில்தான் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது நாமே பார்க்கலாம். எளிய சோதனை கைப்பேசியிலேயே இருக்கிறது. வைஃபையில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். இரண்டும் வெவ்வேறு நிறுவனம் என்றால் ரிசால்வரும் பெரும்பாலும் வெவ்வேறாக இருக்கும். ஒன்றில் பழையதும் மற்றதில் புதியதும் தெரிந்தால், கோப்புகளில் பிழை இல்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம். இரண்டிலும் பழையதே தெரிந்தால் உலாவி தானே சேமித்து வைத்த பக்கத்தைக் காட்டுகிறதா என்று பார்க்க மறைநிலைச் சன்னலில் திறந்து பாருங்கள்.

லேப்டாப்பில் இன்னும் தெளிவாகத் தெரியும். கட்டளைச் சன்னலைத் திறந்து என்எஸ்லுக்அப் என்று தட்டி, இடைவெளி விட்டு, பெயரைத் தட்டுங்கள். கேட்ட ரிசால்வர் எது, அது சொன்ன எண் எது என்று இரண்டும் வரும். 'நான் அத்தாரிட்டேட்டிவ் ஆன்சர்' என்று ஒரு வரியும் வரும். கற்றுக்கொள்பவர்கள் பாதிப் பேர் அதைப் பார்த்துப் பதறிவிடுவார்கள். பிழைச் செய்தி இல்லை அது. குறிப்பை வைத்திருப்பவர் நேரடியாகச் சொன்ன பதில் இல்லை, ரிசால்வர் வழியாக வந்த பதில் என்று மட்டுமே பொருள். அதே கட்டளையின் கடைசியில் நேம்சர்வரின் பெயரையும் சேர்த்துத் தட்டினால் அதையே நேரடியாகக் கேட்கும். அது புது எண்ணைச் சொன்னால், நம் வேலை சரி, மற்றவர்கள் நினைவு தீர வேண்டியதுதான் பாக்கி. அதுவே பழைய எண்ணைச் சொன்னால், எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. மாற்றம் தவறான இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நேம்சர்வர் ஒரு நிறுவனத்தில் இருக்க, இன்னொரு நிறுவனத்தின் திரையில் குறிப்பை மாற்றிவிட்டு இரண்டு நாள் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

வீடு மாறுவதற்கு நாள் குறிப்பதுபோல, இதற்கும் முன்கூட்டியே செய்ய வேண்டியவை உண்டு. மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால் டிடிஎல்லை 300ஆகக் குறைத்துவிடுங்கள். பழைய நீண்ட ஆயுளோடு போன பதில்கள் எல்லாம் தீரட்டும். பிறகு எண்ணை மாற்றுங்கள். எல்லாம் சரியானதும் டிடிஎல்லை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பழைய ஹோஸ்டிங்கை அதே நாளில் ரத்து செய்யாதீர்கள். பழைய பதிலோடு வருபவர்களுக்கு அங்கே பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் பிழைச் செய்திதான் தெரியும். நாலு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய்த் தீபாவளி ஆர்டர் போய்விடும். பழைய பக்கத்தில் ஆர்டர் படிவம் இருந்தால் அந்த இரண்டு நாளும் அங்கேயும் எட்டிப் பாருங்கள். யாராவது அங்கே பத்துப் பாக்கெட் கேட்டு எழுதியிருக்கலாம்.

நேம்சர்வரையே மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய நேம்சர்வரில் இருக்கும் எல்லாக் குறிப்புகளையும் புதியதில் அப்படியே எழுதிவிட்டு மாற்றுங்கள். பலர் விட்டுவிடுவது மின்னஞ்சல் குறிப்பை. எம்எக்ஸ் என்ற அந்த ஒரு வரி இந்தப் பெயருக்கு வரும் கடிதங்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. அதை விட்டால் பக்கம் நன்றாகத் தெரியும், மின்னஞ்சல் மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும். உலாவியில் பூட்டுப் படம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழும் இதோடு சேர்ந்ததுதான். 'லெட்ஸ் என்கிரிப்ட்' போன்றவை இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் முன், பெயர் அந்தச் சர்வரைத்தான் காட்டுகிறதா என்று பொதுவாகச் சோதிக்கும். எண் மாறுவதற்கு முன்பே கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. மாறிய கொஞ்ச நேரத்தில் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வந்தால் திருட்டு என்று பயப்பட வேண்டாம். சான்றிதழை இப்போது கேட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, உதவிப் பிரிவுக்கு எழுதும் கலை. முதல் வரிசையில் இருப்பவர் நாள் முழுக்க "என் பக்கம் வரவில்லை, அவசரம்" என்ற கடிதங்களைப் படிப்பவர். அந்தக் கடிதத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அதனால் எல்லாருக்கும் பொருந்தும் ஒரு பதிலை ஒட்டி அனுப்புகிறார். அவருக்குப் பிடிமானம் கொடுங்கள். பெயர் என்ன, நேம்சர்வர் எது, என்ன மாற்றினீர்கள், எத்தனை மணிக்கு, பழைய எண் எது, புது எண் எது, நேம்சர்வரை நேரடியாகக் கேட்டால் என்ன வருகிறது, வீட்டு ரிசால்வர் என்ன சொல்கிறது, டிடிஎல் எவ்வளவு. ஆறேழு வரிதான். இப்படி எழுதிவிட்டால் 'காத்திருங்கள்' என்ற பதிலுக்கு இடமிருக்காது. டிடிஎல்லின்படி ஆயுள் முடிந்தும் பழைய எண்ணே வருகிறது என்று நீங்கள் காட்டினால், அந்த டிக்கெட் அடுத்த வரிசையில் இருக்கும் விஷயம் தெரிந்தவரிடம் போகும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு வேடிக்கை மிஞ்சும். எண்ணை மாற்றிய பிறகு டிடிஎல்லைக் குறைத்தால் அந்தத் தடவைக்கு ஒரு பயனும் இல்லை. பழைய பதிலை வைத்திருப்பவர்களிடம் பழைய ஆயுள்தான் இருக்கிறது, குறைத்த செய்தியைக் கேட்க அவர்கள் வரப்போவதில்லை. இந்த வருஷத் தீபாவளிக்கு மாற்றிவிட்டு மாட்டிக்கொண்டவர் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு நேரம் என்று இனி அவரே கணக்குப் போடலாம். காலை பத்து மணிக்கு மாற்றினோம், பழைய டிடிஎல் 14400, ஆகவே மதியம் இரண்டு மணிக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். இடையில் கோப்புகளைத் தொடத் தேவையில்லை. அத்தை மறுபடி அழைத்தால் "ரெண்டு மணிக்குப் பாருங்க அத்தை" என்று நேரத்தோடு சொல்லலாம், அதுவரை வரும் ஆர்டரைப் பழைய விலைக்கே கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.